டொமைன்காரரும் தங்கவேலுவின் கதவும்

காஞ்சிபுரத்தில் மனிதர்களைப் பிறக்க வைக்கும் அதிகாரம் ஒரே ஒருவரிடம்தான் இருந்தது. அவர் டாக்டர் இல்லை. பெரிய காஞ்சிபுரத்தில் நான்கு மாடி உயர்ந்து நின்ற ஒரு பட்டு நிறுவனத்தின் மூன்றாவது மாடியில், ஏசி அறைக்குள், அக்கினி நட்சத்திரத்திலும் ஸ்வெட்டரும் மப்ளருமாக உட்கார்ந்திருப்பார். உங்கள் பெயரை அவர் கம்ப்யூட்டரில் தட்டி முடிக்கும்வரை நீங்கள் பிறக்கவில்லை என்று அர்த்தம். உங்கள் ஆதார் அட்டை, உங்கள் அம்மா, உங்கள் பல்வலி எதுவும் அங்கே சாட்சியாகாது. எல்லாரும் அவரை டொமைன்காரர் என்றே கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரைக் கேட்டால், "அத்த தெரிஞ்சிக்கினு இன்னா பண்ணப் போற?" என்பார்.

அந்தக் கட்டடத்தில் இருந்த எல்லாக் கம்ப்யூட்டர்களும் டொமைன் என்கிற ஒரே பெயர்ப் பதிவில் கோக்கப்பட்டிருந்தன. ஆளுக்கு ஒரு ஐடி. அது இருந்தால் கழுத்து அட்டையைக் காட்டியதும் கதவுகள் பச்சை விளக்கு எரிந்து திறக்கும். புடவைக்கு பார்கோடு அடிக்கும் துப்பாக்கி உயிர் பெறும். வருகை பதிவாகும். கேண்டீனில் டீ வரும். ஐடி இல்லாவிட்டால் எங்கே போனாலும் சிவப்பு விளக்கு.

நான் அங்கே கிடங்கு வேலைக்குப் போய்ச் சேர்ந்தேன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். திருப்பூரில் பனியன் மடித்தேன், கோவாவில் பாத்திரம் கழுவினேன், விஜயவாடாவில் லாரி கிளீனராக இருந்தேன், நடுவில் கொஞ்ச காலம் ஆம்புலன்ஸில் ஸ்ட்ரெச்சர் பிடித்தேன். எந்த ஊரிலும் இரண்டு தீபாவளி பார்த்ததில்லை. ஆனால் அந்த வருடம் பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் படுத்து எழுந்தால் இடுப்பு நிமிர மறுத்தது. விட்டால் இந்த ஊரில் இருந்துவிடலாம் என்று முதல் தடவையாகத் தோன்றியது.

விடுவார்களா என்பதுதான் கேள்வி. கிடங்கு சூப்பர்வைசர் மணி தெளிவாகச் சொல்லிவிட்டார். "ஒரு மாசம் பாப்போம். ஐடி வந்தாதான் நீ ஆளு. வரலன்னா மாசக் கடசீல பைய தூக்கிக்கினு கெளம்பிடு."

ஐடி இல்லாத அந்த நாட்களில் நான் பேயாக இருந்தேன். கதவு திறக்காது. யாராவது போகும்போது அவர்கள் முதுகோடு ஒட்டிக்கொண்டு உள்ளே நுழைவேன். ஒரு நாள் மாடிப்படியில் இரண்டு கதவுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டேன். கண்ணாடி வழியாகக் கையை ஆட்டினேன். அந்தப் பக்கம் வந்த விற்பனைப் பெண் என்னைப் பார்த்தாள், கூச்சல் போட்டாள், புடவைக் கட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடிவிட்டாள். மாடிப்படியில் ஊர் பேர் தெரியாத ஒருவன் நிற்கிறான் என்று சாயங்காலம்வரை பேச்சு. அந்தப் பேச்சை நானும் நின்று கேட்டேன்.

கேண்டீன் செல்வியக்கா நேராக என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்வார். "மிஷின்ல உன் பேரு இல்ல. இல்லாத ஆளுக்கு நான் எப்பிடிபா டீ ஊத்தறது?"

"எதிர்லதானக்கா நிக்கிறேன்?"

"எனக்குத் தெரியுது. மிஷினுக்குத் தெரியணுமே."

வேறு ஊராக இருந்தால் ஐடி போடுவது டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. டொமைன்காரரிடம் அது நடக்காது. அவர் யாருக்கும் வெறுமையிலிருந்து ஐடி போட்டதே கிடையாது. ஏற்கெனவே இருக்கிற ஒரு ஆளின் ஐடியைக் காப்பி எடுத்து, பெயரை மட்டும் மாற்றித்தான் போடுவார். பழைய ஆளுக்கு எந்தெந்தக் கதவு திறந்ததோ அதெல்லாம் புது ஆளுக்கும் திறக்கும். எங்கும் இருக்கிற வழிதான். ஆனால் மற்றவர்கள் வேலையைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுப்பார்கள். இவர் ஜாடையைப் பார்ப்பார்.

அவர் பிள்ளையார்பாளையத்துக்காரர். அப்பாவுக்குப் பாவு, அதாவது தறியின் நெடுக்கு இழை, பிணைக்கும் வேலை. தறியில் ஒரு பாவு தீரும்போது அதை அடியோடு உருவி எடுக்க மாட்டார்கள். நுனியை விட்டுவைத்து, அதில் புதுப் பாவை இழை இழையாகப் பிணைப்பார்கள். "வெறும் தறில எவனாவது புதுசா கோத்துக்கினு உக்காருவானா? பழைய நுனி வோணும் நைனா. ஆளுக்கும் அதே சட்டம்தான்" என்பார்.

இந்தச் சட்டத்தால் நடந்த கூத்துகளுக்குக் கணக்கில்லை. டிரைவர் கோபிக்கு ஐடி போட, வேலையை விட்டுப் போன ஒரு ஜெனரல் மேனேஜரைக் காப்பி எடுத்தார். காரணம், இரண்டு பேரும் பேசுவதற்கு முன்னால் கனைப்பார்களாம். அதிலிருந்து மேலிடத்துக் கூட்டங்களுக்கெல்லாம் கோபிக்கு அழைப்பு வந்தது. கோபியும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தான். ஒவ்வொருவரும் அவனை மற்றவர் கூப்பிட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டார்கள். இரண்டு கூட்டம் முந்திரி தின்றான். மூன்றாவது கூட்டத்தில் கனைத்துவிட்டு, வேன் டயர் தேய்ந்துபோய் விட்டது என்றான். புது டயர் உடனே அனுமதிக்கப்பட்டது. அந்த நிறுவனத்தின் சரித்திரத்தில் அவ்வளவு வேகமாக எடுத்த முடிவு வேறில்லை என்கிறார்கள்.

முதலாளியின் மாப்பிள்ளை வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தபோது நேர்மாறாக ஆயிற்று. "அவரு யாரு மாதிரியும் இல்லியே" என்று டொமைன்காரர் வாரக்கணக்கில் இழுத்தடித்தார். கடைசியில் வாட்ச்மேனைக் காப்பி எடுத்துவிட்டார். மாப்பிள்ளைக்கு விடியற்காலையில் வெளிக் கேட் திறந்தது. சைக்கிள் ஷெட் திறந்தது. சொந்த அறை திறக்கவில்லை. கொஞ்ச நாள் அவர் தன் அறைக்குப் போக கோபியைத் துணைக்கு அழைத்துப் போனார்.

மாதம் முடியப் போகும் நேரத்தில் டொமைன்காரர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அந்த அறையில் விளக்கு போட மாட்டார். நான்கைந்து மெஷின்களின் சின்னச் சின்னப் பச்சைப் புள்ளிகள்தான் வெளிச்சம். ஏசி, ஆள் மூச்சு விடுவது போல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு காலி நாற்காலி. அதில் நான் உட்காரப் போனேன். "அது வேணாம். நின்னுக்க" என்றார். அப்புறம் ஸ்கிரீனைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செத்தவங்கள பாத்துக்கிறியா?"

"ஆம்புலன்ஸ்ல இருந்தேண்ணா. அதான் வேலையே."

"அடுத்தவன் சட்டைய போட்டுக்கிறியா?"

"போட்டதெல்லாம் அடுத்தவன் சட்டதான்."

"உனக்குன்னு யாரு கீறாங்க? பொண்டாட்டி, புள்ள, கல்யாணத்துக்குத் தங்கச்சி?"

"யாரும் இல்ல."

"ஒரு ரூம்ல தனியா வுட்டா இன்னா பண்ணுவ?"

"படுத்துத் தூங்குவேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மப்ளரில் துடைத்தார். "கெடச்சிட்டான்" என்றார். என்னிடம் இல்லை. காலி நாற்காலியிடம்.

ஸ்கிரீனில் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் தலையும் தோளுமாக ஒரு சின்ன மனித உருவம். அவர் கீழே கீழே போய் ஒரு பெயரில் நின்றார். அந்த உருவத்தின் மேல் மட்டும், கீழ்நோக்கி ஒரு குட்டி அம்பு இருந்தது. மண்ணுக்குள் இழுப்பது போல. அந்தப் பெயரைக் காப்பி எடுத்தார். மேலே என் பெயரைத் தட்டினார். என் பெயரை வேறொருவர் அவ்வளவு நிதானமாக எழுதி நான் பார்த்ததில்லை. அப்புறம் ஒரு சின்னக் கட்டத்தில் விழுந்திருந்த டிக்கைக் காட்டினார்.

"பாரு, அவரு ஐடிய மூடி வெச்சிருந்தேன். உனக்கும் மூடினமேனிக்கே வந்துருக்குது. பொறக்கசொல்லயே செத்துப் பொறந்துக்கிற. இரு."

டிக்கை எடுத்தார்.

"இப்ப மூச்சு வுடு."

நிஜமாகவே விட்டேன். அதுவரை பிடித்துக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

"அது யாருண்ணா?"

"தங்கவேலு. உன் கிடங்குலதான் இருந்தாரு."

"இப்ப எங்க இருக்காரு?"

"செத்து மூணு வருசம் ஆவுது. போ, போய் வேலைய பாரு."

மறுநாளிலிருந்து எல்லாக் கதவும் எனக்குப் பச்சை காட்டின. நான் ஆள் ஆகிவிட்டேன். எந்த ஆள் என்பதில்தான் கொஞ்சம் குழப்பம். முதல் டீயை வாயில் வைத்ததும் கசந்தது.

"மிஷின் சக்கர இல்லாமன்னு சொல்லுதுபா" என்றார் செல்வியக்கா.

"எனக்குச் சக்கர வியாதி இல்லக்கா."

"உனக்கு இல்ல. உன் ஐடிக்கு இருக்குது. தங்கவேலண்ணனுக்கு எப்பவும் இப்பிடித்தான் குடுப்பேன்." சொல்லிவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ரெண்டு கையாலயும் டம்ளரப் புடிக்கிறியே. அவரும் அப்பிடித்தான்."

நான் உடனே ஒரு கையை எடுத்துவிட்டேன்.

அந்த வாரமே லேபிள் சங்கதி வந்தது. ஒரு கல்யாண வீட்டுச் சரக்கு உச்சிப்பொழுதுக்குள் வேனில் ஏற வேண்டும். கிடங்குக் கம்ப்யூட்டரில் லேபிள் அடிக்கக் கொடுத்தேன். முடிந்தது என்று ஸ்கிரீன் சொன்னது. பக்கத்தில் இருந்த பிரிண்டரில் ஒன்றுமே வரவில்லை. மறுபடி கொடுத்தேன். அப்போது மேலிருந்து, இரண்டாவது மாடியிலிருந்து, ஒரு சத்தம் கேட்டது. கிர்ர்ர். நிறுத்தி, மறுபடியும் கிர்ர்ர்.

கிடங்கில் எல்லாரும் கையில் இருந்ததைக் கீழே வைத்தார்கள்.

"அது அந்த ரூமு" என்றார் மணி, குரலைத் தாழ்த்தி.

"எந்த ரூமுண்ணா?"

செல்வியக்காதான் என்னைத் தனியே இழுத்துப் போய்ச் சொன்னார்.

"கல்யாணத்துக்குன்னு நெய்யக் குடுப்பாங்க. நெய்து முடிக்கசொல்ல கல்யாணம் நின்னுடும். பொண்ணு ஓடிப் போயிடும், இல்ல செத்துப் போயிடும், சண்ட வந்துடும். அந்தப் பொடவய அப்புறம் யாரும் கட்டமாட்டாங்க, வீட்டுக்கும் எடுத்துக்கினு போமாட்டாங்க. பழைய மொதலாளி விக்கவும் வுடல, ஜரிகைல கீற வெள்ளிக்காக எரிக்கவும் வுடல. எல்லாம் அந்த ரூம்லதான் கீது."

"சரி, இருக்கட்டும். அதுக்கு இன்னா பயம்?"

"பட்டு ஒரே மடிப்புல கெடந்தா மடிப்புலயே இத்துப்போவும்பா. அப்பப்ப யாராவது உள்ள போயி மடிப்பு மாத்தணும். வீட்ல கல்யாண வயசுல பொண்ண வெச்சிக்கினு எவன் போவான்? தங்கவேலண்ணனுக்குப் பொண்டாட்டி புள்ள இல்ல. பயமும் இல்ல. அவரு ஒருத்தருக்குத்தான் அந்தக் கதவு தொறக்கும். உள்ளயே மேச, பிரிண்டரு எல்லாம் வெச்சிக்கினாரு. ஒரு நாளு மத்தியானம் சாப்புட வரல. பாத்தா சேர்ல உக்காந்தமேனிக்கு..." அக்கா கையை விரித்தார். "ஆள தூக்கிக்கினு போய்ட்டாங்க. கம்ப்யூட்டர்லேர்ந்து யாரும் தூக்கல. அந்த மாசம் அவருக்கு ஓவர்டைம் போட்டு வந்துது தெரியுமா?"

இப்போது எனக்கு டொமைன்காரர் கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றாகப் புரிந்தன. தங்கவேலுவின் சர்க்கரை எனக்கு வந்தது போலவே அவருடைய பிரிண்டரும் எனக்கு வந்திருந்தது. அவருடைய கதவும்.

மணி வந்து நின்றார். "லேபிள் இல்லாம வண்டி கெளம்பாது. வண்டி கெளம்பலன்னா நீ கெளம்பணும். பாத்துக்க."

எல்லாரும் என்னை வழியனுப்ப வந்தார்கள். படி திரும்புகிற இடம்வரை. அதற்குமேல் ஒரு கால்கூட வரவில்லை. நான் போய் அட்டையைக் காட்டினேன். பச்சை. பின்னால் யாரோ "முருகா" என்றார்கள்.

உள்ளே இருட்டில்லை. ஜன்னலிலிருந்து நல்ல வெயில். அதுதான் ஒரு மாதிரி இருந்தது. அலமாரிகளில் புடவைகள் ஒவ்வொன்றும் வெள்ளைத் துணி சுற்றி, தூங்க வைத்தது போல. பிரிண்டரிலிருந்து வந்த லேபிள் சுருள், மேசையிலிருந்து இறங்கி, நாற்காலியில் ஒரு மடியின் மேல் கிடப்பது போலக் கிடந்தது. நாற்காலி மெத்தை நடுவில் அழுந்தியிருந்தது. தரையில் தூசி இல்லை. மூன்று வருடம் மூடிக் கிடந்த அறையில் ஒரு பொட்டுத் தூசி இல்லை.

நான் துணி மடித்தவன். மடிப்பைப் பார்த்தால் அதன் வயது தெரியும். பக்கத்தில் இருந்த வெள்ளைத் துணியை விலக்கினேன். அரக்குப் புடவை. பழைய மடிப்பின் தடம் ஒரு பக்கம் இருக்க, வேறொரு இடத்தில் புதிதாக மடித்திருந்தது. புதிது என்றால் சில நாட்கள். அடுத்ததைப் பார்த்தேன். அதுவும் அப்படித்தான்.

லேபிளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வெளியே நடந்தேன். ஓடவில்லை. நாம் ஓடினால் பின்னால் இருப்பதற்கும் ஓடத் தோன்றும் என்று ஆம்புலன்ஸ் டிரைவர் ஒருவர் சொல்லியிருந்தார்.

வேன் போனதும் மூன்றாவது மாடிக்கு ஏறினேன். "அண்ணா, அந்த ரூமுக்குள்ள யாரோ வந்து போறாங்க."

டொமைன்காரர் தங்கவேலுவின் பெயரைத் திறந்து ஒரு வரியைக் காட்டினார். அவர் கடைசியாக உள்ளே வந்தது எப்போது என்று சொல்லும் வரி. போன வெள்ளிக்கிழமை, மத்தியானம்.

"மூடி வெச்ச ஐடின்னு நீங்கதான சொன்னீங்க?"

"அதெல்லாம் நம்பளுக்கு. அவரு வந்துக்கினுதான் இருக்காரு" என்றார், பேப்பர் போடும் பையனைப் பற்றிச் சொல்வது போல.

போய்விடுவது என்று முடிவு செய்து செல்வியக்காவிடம் மட்டும் சொன்னேன். எனக்குப் பயம் புதிதில்லை. ஆனால் செத்தவரின் டீயைக் குடித்து, அவர் பிரிண்டரில் அடித்து, அவர் கதவைத் திறந்து, ஒரு நாள் அவர் நாற்காலியிலும் உட்கார்ந்துவிடுவேன் என்று தோன்றியது. இந்த ஊரும் எனக்கில்லை. சம்பளம் சனிக்கிழமை. வாங்கிக்கொண்டு வேலூர் பஸ் ஏறிவிடலாம். ஆனால் சனிக்கு முன்னால் வெள்ளி வந்தது.

அன்று மத்தியானம் ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு இரண்டாவது மாடியைக் கடந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் பேச்சுக் குரல் கேட்டது.

"கெட்டியா புடி தங்கவேலு. ஆங். அப்பிடித்தான். வுட்டுடாத."

மூட்டையை இறக்கி வைத்தேன். போகப் போகிறவனுக்கு, எதை விட்டுப் போகிறோம் என்று தெரிந்துகொள்ளும் ஆசை வரும். அட்டையைக் காட்டினேன். பச்சை எரிந்தது. தள்ளினேன்.

உள்ளே, மப்ளரைத் தலையோடு சேர்த்துச் சுற்றிய ஒரு உருவம். கழுத்தில் அட்டை. கண்களை இறுக மூடியிருந்தது. ஒரு புடவையின் ஒரு முனை அதன் கையில், மறு முனை ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தது. கதவுச் சத்தம் கேட்டதும் அது கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து "ஐயோ" என்று அலறியது. நானும் அலறினேன். ஒரே அறையிலிருந்து இரண்டு அலறல் கேட்டதும் கீழே மணி உட்பட எல்லாரும் தெருவுக்கு ஓடிவிட்டார்கள். அன்று கிடங்குக்கு அரை நாள் விடுமுறை.

"தங்கவேலுதான் வந்துட்டாருன்னு நெனச்சேன்பா" என்றார் டொமைன்காரர், மூச்சு வாங்க.

"நானும் அதையேதான் நெனச்சேன்."

அவர் கழுத்தில் தொங்கியது தங்கவேலுவின் அட்டை. வெள்ளிக்கிழமைதோறும் மேலே தங்கவேலுவின் ஐடியைத் திறந்துவிட்டு, அந்த அட்டையை மாட்டிக்கொண்டு இறங்கி வருவாராம். மடித்து முடித்ததும் போய் மறுபடி மூடிவிடுவாராம்.

"உங்க ஐடிக்கே இந்தக் கதவ போட்டுக்கலாமில்ல?"

"போட்டா தொறக்கும். காலு வராது." மப்ளரால் முகத்தைத் துடைத்தார். "எனக்கு ரொம்ப பயம் நைனா. சின்ன வயசுலேர்ந்தே. தங்கவேலுவுக்குப் பயமே கெடையாது. அவரு பேரு வந்தாதான்... அவரா உள்ள வந்துடுவேன். கண்ண மட்டும் தொறக்க மாட்டேன்."

"அவ்ளோ பயத்துல எதுக்குண்ணா வரணும்?"

அவர் அலமாரியில் இருந்த அந்த அரக்குப் புடவையைக் காட்டினார். "என் தங்கச்சிது. முகூர்த்தத்துக்கு மொத நாளு நின்னு போச்சு. இப்ப பெங்களூர்ல நல்லாத்தான் கீது, வேற எடத்துல குடுத்தோம். ஒவ்வொரு தீபாவளிக்கும் போன் பண்ணும். எல்லாம் பேசிட்டு வெக்கசொல்ல, 'அண்ணா, அது இருக்குதா?'ன்னு கேக்கும். இருக்குதும்மான்னுவேன். வேற ஒண்ணும் கேக்காது."

அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். சென்னையிலிருந்து ஆடிட் ஆட்கள் சொல்லிவிட்டார்களாம், போனவர்கள் ஐடிகளை எல்லாம் மூடி வைத்தால் போதாது, அழிக்க வேண்டும் என்று. திங்கட்கிழமை கெடு. தங்கவேலு அழிந்துவிட்டால் டொமைன்காரருக்கு உள்ளே வர ஆளில்லை. பூட்டிக் கிடந்தால் ஆறே மாதத்தில் பட்டு மடிப்பில் வெட்டுப்படும். அதனால்தான் தங்கவேலுவின் நுனியில் பிணைக்க அவ்வளவு நாளாக ஒரு ஆளைத் தேடியிருக்கிறார்.

"நீ போவப் போறியாமே?" என்றார். "செல்வி சொல்லிச்சு."

"நாளைக்கிச் சம்பளம் வாங்கிக்கினு."

"சரி" என்றார். இரு என்று சொல்லவில்லை. ஜன்னல் கம்பியில் இருந்த முடிச்சை அவிழ்க்கப் போனார். மறுபடி கண்ணை இறுக மூடிக்கொண்டு தடவியதில் அவிழவில்லை. நான் போய் அவிழ்த்து அந்த முனையைப் பிடித்தேன். அன்று மிச்சம் இருந்த புடவைகளை இரண்டு பேருமாக முடித்தோம். அவர் கண்ணைத் திறக்கவே இல்லை.

சனிக்கிழமை சம்பளம் வாங்கினேன். பஸ் ஏறவில்லை. திங்கட்கிழமை என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை அவர் அறையில் நின்றேன். சென்னைக்காரர் போனில் இருந்தார். அவருக்கும் அங்கே இதே ஸ்கிரீன் தெரிந்தது. டொமைன்காரர் அழிக்கக் கொடுத்தார். நிச்சயமாகவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அவர் இல்லை என்பதை அழுத்தினார்.

"சார், யெஸ் பிரஸ் பண்ணுங்க" என்றது போன்.

மறுபடி கேட்டது. மறுபடி இல்லை.

"சார், என்ன பண்றீங்க? யெஸ், சார், யெஸ்!"

"கேக்குதுல்ல? நிச்சயமான்னு கேக்குது. எனக்கு நிச்சயமில்லியே. பொய் சொல்லச் சொல்றீங்களா?"

போன் அந்தப் பக்கம் தலையில் அடித்துக்கொண்டது இங்கே கேட்டது. கடைசியில் டொமைன்காரர் காலி நாற்காலிப் பக்கம் திரும்பி, "நீ சொல்லு தங்கவேலு" என்றார். ஏசி ஏறி இறங்கியது. என்ன பதில் வந்ததோ, அவர் திரும்பி மெதுவாக யெஸ் அழுத்தினார். அம்பு போட்ட அந்த உருவம் போய், அதன் கீழே இருந்த பெயர்கள் ஒரு வரி மேலே ஏறிக்கொண்டன. அவ்வளவுதான். ரொம்ப நேரம் கழித்து, "குளுருதுபா" என்றார். ஸ்வெட்டருக்கு மேல் என் துண்டையும் போர்த்திவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை நான் அறைக்குள் இருந்தேன். அவர் வந்தார், அந்தக் கதவைச் சேர்த்துக்கொண்ட சொந்த அட்டையோடு. பச்சை எரிந்தது. கதவு திறந்தது. அவர் சொன்னபடியே கால் வரவில்லை. நான் உள்ளே ஒரு முனையையும் அவர் வெளியே ஒரு முனையையும் பிடித்துக்கொண்டோம். ஆறு கெஜப் பட்டு வாசற்படியைத் தாண்டிப் போய் வந்தது. கதவு மூட முடியாமல் பீப் பீப் என்று அலறியது. இந்தக் கண்காட்சி வெள்ளிதோறும் நடந்தது. மணி அதைப் பார்த்துவிட்டு என்னை நிரந்தரமாக்கினார். என்னை அனுப்பினால் அந்த முனையை யார் பிடிப்பது என்கிற பயம்தான்.

ஒரு வெள்ளி அரக்குப் புடவையின் முறை வந்தது. நான் பிரித்து ஒரு முனையை நீட்டினேன். அவர் பிடித்தார். மடிப்பில் எங்காவது வெட்டு விழுந்திருக்கிறதா என்று பார்க்க, புடவையோடு குனிந்து குனிந்து, ஒவ்வொரு சாணாகப் பார்த்துக்கொண்டே வந்தார். என் கைக்குப் பக்கத்தில் வந்ததும்தான் நிமிர்ந்தார். கண் திறந்திருந்தது. அறையின் நடுவில் நின்றிருந்தார்.

"வெட்டே இல்லபா" என்றார்.

எங்கே நிற்கிறார் என்பதை நான் அவருக்குச் சொல்லவில்லை.

அதன் பிறகு அவருக்குப் பயம் போய்விட்டது. தானாகவே போவார், வருவார். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பாட்டு முணுமுணுப்பார். ஒரு புதன்கிழமை தங்கவேலுவின் நாற்காலியில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். இனி அங்கே எனக்கு வேலை இல்லை என்று பட்டது. கால் அரிக்க ஆரம்பித்தது. பொங்கலுக்கு அப்புறம் கிளம்பலாம் என்று செல்வியக்காவிடம் சொன்னேன்.

அந்த வெள்ளிக்கிழமை டொமைன்காரர் கிடங்குக்கே இறங்கி வந்தார். மப்ளரைத் தலையோடு சுற்றியிருந்தார்.

"நைனா, இன்னிக்கி ஒரு மாதிரி பயமாக்குது. கொஞ்சம் கூட வாயேன்."

போனேன். அடுத்த வெள்ளியும் வந்து அதையே சொன்னார். பொங்கல் வந்தது, போனது. அவர் ஓய்வு பெறுகிற வரைக்கும் ஒரு வெள்ளி விடாமல் பயந்தார். நானும் ஒரு வெள்ளி விடாமல் நம்பினேன்.